மாமனாரோட கேக் பார்க்கப் போன செங்கமலம்

நல்லா படுத்துக்கோ. கதைக்கு முன்னாடி ஒரு முக்கியமான விஷயத்தைத் திருத்திடணும். காக்கா எதைப் போட்டாலும் தின்னும்னு உலகத்துல எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்காங்க. படிச்சவங்களும் நம்பறாங்க. அது சுத்தத் தப்பு. நாளைக்கு உங்க டீச்சரே அப்படிச் சொன்னாலும் எழுந்து நின்னு, "இல்லைங்க டீச்சர், செங்கமலத்தைக் கேட்டுப் பாருங்க"ன்னு சொல்லணும். சொல்லுவியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாமனார் இருந்தார். பேரு வைத்திலிங்கம். ஆனா கதை ஆரம்பிக்கறதுக்குள்ள அவர் செத்துப்போயிட்டார், அதனால மிச்சக் கதையை அவர் மருமக செங்கமலம்தான் பார்த்துக்கணும்.

அந்த வைத்திலிங்கத்துக்கு ஒரு பழக்கம். சாப்பிட உக்காந்தா தட்டை ஒரு விரலால ஒரு சுத்து சுத்துவார், சர்ர்ர்னு. அப்புறம் தலையைச் சாய்ச்சுப் பார்ப்பார். அப்புறம், "உப்பு ஒரு கல்லு கம்மி"ம்பார். சாம்பாருக்கும் அதேதான், பாயசத்துக்கும் அதேதான். பதினோரு வருஷம் செங்கமலம் அதைக் கேட்டா. தட்டு மட்டும் கழுவி வெச்ச மாதிரி திரும்பி வரும்.

சாயங்காலமானா கடைத்தெருவுல ஒரு துண்டு கேக் வாங்கித் தின்பார். ஊர்ல இருக்கற அத்தனை பேக்கரிக்கும் போவார், அத்தனையையும் குத்தம் சொல்வார். அப்புறம் ஒருநாள் செத்துப்போனார், காக்காவா வந்து முருங்கைமரத்துல உக்காந்தார்.

"அவர்தான்னு எப்படித் தெரியும்?"

அந்தக் காக்கா படையல் இலையை மூக்கால ஒரு சுத்து சுத்துச்சு. வேற யாரு அப்படிச் செய்வாங்க?

"ம்."

அமாவாசைக்குப் படையல் வெச்சா காக்கா எடுத்த அப்புறம்தானே வீட்டுல மத்தவங்க சாப்பிடலாம்? போன அமாவாசைக்கு செங்கமலம் வடை, பாயசம், அவியல்னு வெச்சா. காக்கா வந்துது, சுத்துச்சு, தலையைச் சாய்ச்சுது, பேசாம உக்காந்துக்கிச்சு. சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் ஒரு பருக்கையை எடுத்துது. அதுவரைக்கும் வீடே பட்டினி. அப்போ வைத்திலிங்கத்தோட பொண்ணு, செங்கமலத்துக்கு நாத்தனார், தையல்நாயகின்னு பேரு, அவ சொன்னா: "உன் கைப்பக்குவம் காக்காய்க்கே தெரிஞ்சிருக்கு. வருஷத் தெவசத்துக்கும் இப்படியே ஆச்சுன்னா, இனிமே அப்பா படையலை எங்க வீட்டுலயே வெச்சுக்கறேன்."

செங்கமலத்துக்குச் சுருக்குன்னுது. பதினோரு வருஷம் சோறு போட்ட மனுஷனை, காக்காவானதும் இன்னொரு வீட்டுக்கு அனுப்பறதா?

அவ யோசிச்சா. செத்தவங்களுக்குப் பிடிச்சதைத்தான் படைக்கணும். மாமாவுக்குப் பிடிச்சது கேக். ஆனா எந்தக் கடை கேக்? அதை அவர்கிட்டயே கேட்டுட்டா என்ன? பேக்கரிக்குப் போன் போட்டா. "பெரிய ஆர்டருங்க, முன்னாடியே ருசி பார்க்கணும்."

"தாராளமா வாங்க. எத்தனை பேர் வருவீங்க?"

"ரெண்டு பேர். ஒருத்தர் ஜன்னல்ல உக்காந்துக்குவார்."

இப்படி மூணு கடையில நாள் குறிச்சா. அப்புறம் முருங்கைமரத்தடியில போய் நின்னு, "மாமா, கேக் பார்க்கப் போறேன், வர்றீங்களா?"ன்னா. காக்கா படபடன்னு இறங்கி, அவ தலைக்கு மேல பின்னாடியே வந்துது.

முதல் கடைக்காரர் மீசையை முறுக்கிக்கிட்டு, "கல்யாணமா, பிறந்தநாளா?"ன்னார்.

"தெவசம்."

கடைக்காரர் கொஞ்ச நேரம் மீசையை முறுக்கலை. அப்புறம், "எங்க கேக்கைத் தின்னவங்க இன்னொரு கடை வாசல் மிதிச்சதே இல்லைம்மா. அவ்வளவு ருசி"ன்னார். ஜன்னல்ல தட்டு வெச்சாங்க. காக்கா சுத்துச்சு, சாய்ஞ்சு பார்த்துது, ரெண்டு அடி பின்னால போச்சு. அவ்வளவுதான்.

"ம்."

ரெண்டாவது கடையில ஜன்னலே இல்லை, கண்ணாடிக் கதவு, உள்ள ஏசி. காவலாளி செங்கமலத்துக்கு சலாம் வெச்சு, கூட வந்தவருக்கும் கதவைத் திறந்துவிட்டார். கடைக்காரம்மா மூணு தினுசு கொண்டுவந்து வெச்சு, "இது பஞ்சு, இது வெண்ணெய், இது தேவாமிர்தம்"ன்னாங்க. காக்கா தேவாமிர்தத்தை ஒரு குத்து குத்துச்சு, சொத்! மூக்கை மேஜை விரிப்புல துடைச்சுக்கிட்டு கதவுகிட்ட போய் நின்னுக்கிச்சு.

"உங்க மாமாவுக்கு ஏசி ஒத்துக்கலை போல"ன்னாங்க கடைக்காரம்மா.

"அவருக்கு எதுதான் ஒத்துக்கிச்சு?"ன்னா செங்கமலம்.

மூணாவது கடை ஒரு சந்துல. எஸ்தர்னு ஒரு அம்மா தனியா நடத்தறாங்க. கேக்கைக் கொண்டுவந்து வெச்சுட்டு, தலையில கை வெச்சுக்கிட்டாங்க. "வராதீங்கன்னு போன்லயே சொல்லியிருக்கணும்மா. இன்னைக்கு அடி தீஞ்சுபோச்சு. மேல வறண்டு கெடக்கு. நானே தின்னமாட்டேன், பேசாம வேற கடை பாருங்க."

அப்போ காக்கா என்ன செஞ்சுது தெரியுமா? ஒரே தாவு. லபக், லபக், லபக். தட்டு கழுவி வெச்ச மாதிரி ஆயிடுச்சு.

செங்கமலம் அங்கேயே ரெண்டு கிலோ சொல்லிட்டா.

"மேல என்னம்மா எழுதணும்?"

"பேரை மட்டும் எழுதுங்க. ஹேப்பி போடவேணாம்."

தூங்கிட்டியா?

"...ம்."

சரி. தெவசத்தன்னைக்குச் சொந்தக்காரங்க நாப்பது பேர் வந்துட்டாங்க. மாடிச் சுவர்மேல இலையைப் போட்டு, நடுவுல கேக், அதுல ‘வைத்திலிங்கம்’னு வெள்ளை கிரீம்ல. கா, கா, கான்னு கூப்பிட்டாங்க. காக்கா வந்துது. இலையைச் சுத்துச்சு. தலையைச் சாய்ச்சுது.

தையல்நாயகி, "எடுத்துக்கங்கப்பா, ஊர்லயே நல்ல கேக்காம்"ன்னா. காக்கா ரெண்டு அடி பின்னால போச்சு. ஒரு சித்தப்பா, "பஞ்சு மாதிரி இருக்குண்ணே"ன்னார். இன்னும் ரெண்டு அடி. ஒரு அத்தை, "வாசனையே தூக்குது"ன்னாங்க. காக்கா சுவரோட கோடிக்கே போயிடுச்சு. மணி ஒண்ணாச்சு, ரெண்டாச்சு. நாப்பது வயிறு கொரகொரன்னு சத்தம் போடுது. தையல்நாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, "சரி, நான் சொன்னதுதான். இனிமே அப்பா எங்க வீட்டுல"ன்னா.

செங்கமலம் காக்காவையே பார்த்தா. அன்னைக்கு அந்தச் சந்துல இதே கேக்கைத்தானே தின்னுது? இன்னைக்கு என்ன குறை? அப்போ அவளுக்கு எஸ்தரம்மா தலையில கை வெச்சுக்கிட்டது ஞாபகம் வந்துது. பொசுக்குன்னு புரிஞ்சுபோச்சு. யாரும் குறை சொல்லாததுதான் குறை. மனுஷனா இருந்தப்போ அவரே சொல்லிட்டுச் சாப்பிட்டார். இப்போ மூக்கு இருக்கு, பேச்சு இல்லை. பாவம், யாராவது சொன்னாத்தானே அவர் சாப்பிட முடியும்?

அவ சுவர்கிட்ட போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னா. "மாமா, அடி தீஞ்சிருக்கு. கிரீம் திப்பித்திப்பியா இருக்கு."

காக்கா ஒரு அடி முன்னால வந்துது. நாத்தனார் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா.

"வடை கல்லு மாதிரி. அவியல்ல காய் வேகவே இல்லை."

இன்னும் ரெண்டு அடி.

அப்புறம் செங்கமலம் மெதுவாச் சொன்னா: "உப்பு ஒரு கல்லு கம்மி, மாமா."

லபக்!

‘வை’ போச்சு. அப்புறம் ‘த்தி’ போச்சு. கீழே தடதடன்னு நாப்பது இலை விழுந்துது. அத்தனை பேரும் வயிறாரச் சாப்பிட்டாங்க. படையல் செங்கமலம் வீட்டுலயே நின்னுது.

அடுத்த அமாவாசைக்கு, காக்கா எடுக்காத வீடு மூணு, அந்தத் தெருவுல. மூணு வீட்டுலேர்ந்தும் வெத்தலை பாக்கு வெச்சு, குறை சொல்றதுக்குன்னே தையல்நாயகியைக் கூப்பிட்டுக்கிட்டுப் போனாங்க.

காக்கா மரத்துக்குப் போச்சு, கதை கரைஞ்சுபோச்சு, கண்ணை மூடித் தூங்கு.