சகாயராஜ் அண்ணாச்சியின் கம்ப்ரசர் டப்பா

சகாயராஜ் அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. பொய் என்றால் அது உண்மைக்கு அக்கம்பக்கத்திலாவது குடியிருக்க வேண்டும். அண்ணாச்சி சொல்வதெல்லாம் வேறு தாலுகா.

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் லீடு கிட்டார். ஆத்தியப்பன் அண்ணன் ரிதம் கிட்டார். நான் டிரம்ஸுக்குப் பதிலாகக் குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் பேடு வாசிப்பவன். லீடு என்றால் மேடைக்கு நடுவில், பாடுகிறவருக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நிற்கலாம். ரிதம் என்றால் ஓரத்தில், ஜெனரேட்டரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆத்தியப்பன் பல வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீசல் புகையைக் குடித்துக்கொண்டே வாசிக்கிறார். இப்போதெல்லாம் இருமினால்கூடத் தாளத்தோடுதான் இருமுகிறார்.

போன வருஷக் கோயில் கொடை விழாக்களில் அண்ணாச்சியின் கிட்டார் ஒரு நேரம் அலறியது, ஒரு நேரம் ஆளையே காணவில்லை. எங்கள் குழுவை நடத்துகிறவரும் பாடுகிறவருமான செண்பகவல்லி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் ஆளுக்கொரு கம்ப்ரசர் செஞ்சு கொண்டாங்க. எது ஒழுங்கா இருக்கோ அந்த ஆளுக்கு இந்த வருஷம் லீடு" என்று சொல்லிவிட்டார்.

கம்ப்ரசர் என்றதும் ஃபிரிட்ஜை நினைக்க வேண்டாம். இது கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், வாசிப்பவனின் காலடியில் கிடக்கும் பெட்டி. சத்தம் துள்ளினால் அமுக்கும், சோர்ந்தால் தூக்கிவிடும், மீட்டிய நரம்பைக் கொஞ்சம் கூடுதலாக நின்று பேச வைக்கும். எங்கள் ஆட்கள் இதைக் கடையில் வாங்குவதில்லை. வீட்டில் சால்டரிங் அயர்னும் ஒரு செத்த ரேடியோவும் இருக்கிறவனுக்கு வாங்குவது கௌரவக் குறைச்சல். உள்ளே என்ன போடுவது என்பதை ரேடியோ தீர்மானிக்கும், வெளியே எதில் அடைப்பது என்பதை அடுப்பங்கரை தீர்மானிக்கும். ஆத்தியப்பன் சோப்பு டப்பாவில் அடைத்திருந்தார். அண்ணாச்சி எவர்சில்வர் டிபன் பாக்ஸில்.

சுத்தமல்லிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கொடை. மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டோம். மேடைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கமிட்டிக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார். வந்ததும் பரீட்சை. அதுவரை பந்தல் நிழலில் நாங்கள் மூன்று பேர்.

அண்ணாச்சியின் மடியில் ஒரு பூப்போட்ட துணிப்பை. வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. அவர் மனைவி பிலோமினா அக்கா தையல் டீச்சர். பழைய ஜன்னல் திரையைக் கிழித்துத் தைத்த பை.

"தெறந்து காட்டுமே வே" என்றார் ஆத்தியப்பன்.

"தெறக்கப்படாது. இது சும்மா டப்பா இல்ல. தெறந்தா உள்ள அமுக்கி வச்சிருக்க சத்தம்லாம் வெளிய பாஞ்சிரும். இந்தப் பந்தக்கால் நிக்காது."

ஆத்தியப்பன் மூக்கைச் சுளித்தார். "கருவாட்டு வாசம்லா அடிக்கி?"

"அது ஈயம் பத்தவச்ச வாசம். நல்ல ஈயம் அப்படித்தான் இருக்கும். நீரு சோப்பு டப்பாக்காரரு, உமக்கு எங்க தெரியப்போவுது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கதை கேட்க ஏற்ற ஆள். நம்பவும் மாட்டேன், எழுந்து போகவும் மாட்டேன்.

"தம்பி, இதச் செஞ்சு முடிச்ச அன்னைக்கு நம்ம வீட்டு ஜன்னல்ல ஒரு மைக்கக் கட்டி இதுல சொருவினேன். எதுத்த வீட்டுல புருசன் பொண்டாட்டி சண்டை. அந்தம்மா சத்தம் அமுங்குது, அந்த மனுசன் சத்தம் ஏறுது. ரெண்டும் சரிக்குச் சரி. இருவது வருசமா அவரு ஊமைன்னுல்லா தெருவே நெனச்சிக்கிட்டிருந்துச்சு! அன்னைக்குத்தான் அவருக்குப் பேச வரும்னு தெரிஞ்சது. மறுநாள் காலைல எனக்கு ஒரு தார் வாழப்பழம் கொண்டாந்து தந்தாரு."

"அந்தம்மா என்ன தந்தாவ?" என்று ஆத்தியப்பன் கேட்டார்.

"அதத் தனியாச் சொல்லுதேன்" என்று அண்ணாச்சி தாண்டிப் போனார். "பொறவு, ஒப்பிட்டுப் பாக்கணும்லா? தூத்துக்குடியில என் மச்சான் கப்பல்ல வேலை பாக்கான். அவன் ஒரு வெளிநாட்டு கம்ப்ரசர் கொண்டாந்திருந்தான். ரெண்டையும் பக்கத்துல வச்சோம். முதல்ல அதுல வாசிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்லப்படாது. அடுத்து நம்மதுல வாசிச்சேன். வாசிச்சு முடிக்கல, அந்த வெளிநாட்டுப் பெட்டி தானா வெளக்க அணைச்சுக்கிட்டு. வெக்கம்! மச்சான் என்னத்தையெல்லாமோ தட்டிப் பாத்தான். அது அதுக்கப்புறம் எரியவே இல்ல."

"பேட்டரி தீந்திருக்கும்வே."

"பேட்டரி புதுசு. மானந்தான் தீந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பது அண்ணாச்சிக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரி. எழுந்து நின்றார், பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல வச்சு ஒரே ஒரு தடவ கீழ் நரம்ப மீட்டினேன். டொய்ங்! ஒயரக் கழத்திட்டு பஸ்ல ஏறிட்டேன். வாகைக்குளம் வந்தாச்சு, சத்தம் நிக்கல. என் பக்கத்து சீட்டுலயே உக்காந்திருக்கு, டொய்ங்ங்ங்னு. கண்டக்டர் வந்தாரு. 'இது யாரு கூட வந்தது?'ன்னாரு. என் கூடத்தான்னேன். மனுசன் யோசிச்சாரு, அரை டிக்கெட் கிழிச்சுட்டாரு."

"அரை டிக்கெட் எதுக்கு? முழுசா நின்ன சத்தம்லா?"

"பன்னெண்டு வயசு ஆகலல்லா அதுக்கு!" என்றார் அண்ணாச்சி எரிச்சலோடு, இதுகூடத் தெரியாதா என்பது போல. "வல்லநாட்டுல பஸ் நின்னுச்சு. நான் டீ குடிக்க எறங்கினேன். அது என் பின்னாலயே எறங்கி, அந்த மலையப் பாத்துட்டு அங்கனயே நின்னுட்டு. கூப்புட்டேன், வரல. இன்னைக்கும் அந்த வழியாப் போனீருன்னா காதக் குடுத்துக் கேளும். காத்துன்னு நெனப்பீரு. காத்து இல்ல, நம்ம நரம்பு."

ஆத்தியப்பன் தன் சோப்பு டப்பாவின் திருகாணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்ததை மறுபடியும் இறுக்கினார். பாவம், அந்த நாற்காலியை விட்டு எழ வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. அண்ணாச்சியும் அதைப் பார்த்திருக்க வேண்டும், குரலை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

"போன மாசம் ஒரு கோயில்ல வாணவேடிக்கை. கமிட்டித் தலைவரு வீட்டுல கைப்பிள்ள தூங்குதுன்னு கெஞ்சினாங்க. வெடிக்கட்டுப் பக்கத்துல மைக்க வச்சு, இதுல சொருவி, அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். அவ்வளவு வெடியும் வெடிச்சுது தம்பி, கண்ணால பாக்கோம், காதுல விழுந்தது என்ன? யாரோ சொடக்குப் போட்ட மாதிரி. அவ்வளவுதான்! பிள்ள அசையல. வெடிக்காரரு மட்டும் அழுதாரு."

"அந்த வெடிச்சத்தம்லாம் எங்க போச்சு அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்படிக் கேளு! புத்திசாலி. இந்த டப்பாவுக்குள்ளதான் கெடந்துச்சு. எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து டப்பாவ மேசையில வச்சு, குமிழத் தப்பாத் திருவிட்டேன். அந்த நேரம் பாத்து மேசை மேல ஒரு எறும்பு நடந்து போவுது. திடும்! திடும்! திடும்! ஒவ்வொரு காலுக்கும் ஒரு வெடி. தெருவே கோயில் யானை வந்துட்டுன்னு தேங்காயும் வெல்லமுமா என் வாசல்ல நிக்கி. அந்த எறும்பு தன் சத்தத்தக் கேட்டு தானே பயந்து மயங்கி விழுந்துட்டு."

"தேங்காய என்ன செஞ்சீரு?"

"சட்னி."

ஆத்தியப்பன் பெருமூச்சு விட்டார். அண்ணாச்சி அதைத் தோல்வி ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

"சத்தத்தோட நின்னுச்சுன்னா அது என்ன கம்ப்ரசர்? ஆத்துல வெள்ளம் வந்துதுல்லா, தாமிரபரணியில? படித்துறைக்குப் போயி ஒயரோட ஒரு முனைய தண்ணியில விட்டேன். குமிழத் திருவினேன். வெள்ளம் கரண்டைக்கால் அளவுக்கு அமுங்கிட்டு. வீரராகவபுரத்துக்காரங்க செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடந்து தாண்டினாவ. அடுத்து கோடை வந்துச்சு, தண்ணி இல்ல. எதுப்பக்கம் திருவினேன். கரண்டைக்கால் தண்ணி கழுத்துக்கு ஏறிட்டு."

"நிறுத்தும்வே!" ஆத்தியப்பனுக்கு இப்போது நிஜமாகவே கோபம். "நான் ஆத்தங்கரையிலதான் குடியிருக்கேன். இந்தக் கோடையில எங்க வீட்டுக் கொழாயில சொட்டுத் தண்ணி வரல!"

"உம்ம கொழாய என் டப்பாவுல சொருவினீரா?"

"இல்ல."

"பொறவு எப்படி வரும்?"

ஆத்தியப்பன் சோப்பு டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு பல வருஷப் புகையும் சேர்ந்து வெளியே வந்தது. "ஊரையெல்லாம் அமுக்குத அந்த டப்பா, உம்ம வாய மட்டும் அமுக்காதா?"

அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. பையைத் தடவிக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: "அமுக்கினதுக்கு அப்புறம் வாரதுதான்வே நீரு இப்பக் கேக்கது. அசல் அளவுல சொன்னா இந்தக் கொடை கலைஞ்சிரும்."

அந்த நேரம் செண்பகவல்லி அக்கா வந்து சேர்ந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி மேடைக்கு முதுகைக் காட்டி, பந்தலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்தால் அவருக்கு ஆள் தெரியாது, சத்தம் மட்டும்தான்.

ஆத்தியப்பன் முதலில் சொருகினார். மெதுவாகத் தடவினார், பிறகு ஓங்கி அடித்தார். இரண்டும் ஒரே சீராகக் கடைசி வரிசை வரை போயின. அதிசயம் ஒன்றும் இல்லை. எறும்பு மயங்கவில்லை, யானை வரவில்லை. நடுவில் கொஞ்சம் இரைச்சல்கூட இருந்தது. ஆனால் அக்கா தலையை மெல்ல ஆட்டினார்.

"அடுத்தது" என்றார் திரும்பாமலே.

சகாயராஜ் அண்ணாச்சி மேடையை ஒரு தடவை பார்த்தார். இந்த மேடையின் நடு இடம் அவருடையது. அது போனால் மிச்சம் என்ன என்று அவருக்கும் தெரியும். பையின் கட்டை அவிழ்த்தார், டிபன் பாக்ஸை வெளியே எடுத்தார், ஒயரைச் சொருக ஓட்டையைத் தேடினார். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. கவிழ்த்துப் பார்த்தார், மஞ்சளாக ஏதோ வழிந்தது. மூடியைத் திறந்தார்.

உள்ளே சோறு. சோற்றின் மேல் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ஓரத்தில் ஒரு அவித்த முட்டை.

பிலோமினா அக்கா ஒரே திரையில் இரண்டு பை தைத்திருக்கிறார், ஒன்று தனக்கு, ஒன்று அவருக்கு. காலையில் அண்ணாச்சி மாற்றி எடுத்து வந்துவிட்டார். பலகை அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செண்பகவல்லி அக்கா திரும்பி, எழுந்து வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது? மீனு?"

அண்ணாச்சி குழம்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நான் அவருக்காக வருத்தப்பட ஆரம்பித்த அந்த நொடியில் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா தங்கச்சி இதோட பவர! நான் உள்ள போட்டது திமிங்கலம்!"

எங்களுக்குச் சிரித்து வயிறு வலித்தது. ஆத்தியப்பன் புகை இல்லாமலே இருமினார். அக்காவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, நெசமான டப்பா வந்தப் பொறவு உங்களதயும் கேட்டுட்டு முடிவு சொல்லுதேன்" என்று இரங்கி வந்தார். அண்ணாச்சி தப்பித்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது செண்பகவல்லி அக்காவின் போன் அடித்தது. பிலோமினா அக்கா, பள்ளிக்கூடத்திலிருந்து. செண்பகவல்லி அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"மைனி, அவ்வொ பக்கத்துல இருக்காவளா? என் சோத்தத் தூக்கிட்டுப் போயிட்டாவ. பசியில டப்பாவத் தெறந்தா, ரெண்டு ஓட்டையும் ஒரு சுவிச்சும் இருக்கு. இந்த ஓட்டையிலருந்து அந்த ஓட்டைக்கு ஒத்த ஒயரு போவுது. வேற ஒண்ணுமே இல்ல மைனி, வெறும் டப்பா. இதத்தான் மூணு மாசமா அடுப்பங்கரைய அடைச்சுக்கிட்டு செஞ்சாவளா?"

கோயில் பக்கம் ஒரு ஆடு கத்தியது.

"தொண்ணூறு பார்ட்டு போட்டேன் தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. குரல் இப்போது நன்றாகவே அமுங்கியிருந்தது. "எல்லாத்தையும் அமுக்கி ஒத்த ஒயரா ஆக்கிட்டு."

செண்பகவல்லி அக்கா டிபன் பாக்ஸை நிதானமாக மூடி அவர் கையில் கொடுத்தார்.

"நல்ல பெட்டிதான் அண்ணாச்சி. உங்க லீடயும் அமுக்கி ரிதமா ஆக்கிட்டு. அந்தா, ஜெனரேட்டர் பக்கத்துல நாற்காலி கெடக்கு. திமிங்கலம் ஆறுததுக்குள்ள உக்காந்து சாப்பிடுங்க."