காளியண்ணன் கேட்ட சிவப்பு

ஒரு அரிவாள், எதிரே மூன்று கழுத்து. எந்தக் கழுத்தில் அது இறங்குவது நியாயம் என்று கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். ஆகவே பாதிக் கதையில் கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

கொல்லிமலை அடிவாரத்தில் கல்குவாரி நடத்தியவன் காளியண்ணன். சொன்ன பேச்சைக் கேட்காதவனின் விரல்களைக் கருங்கல் மேல் வைத்துச் சுத்தியலால் அடிப்பது அவன் வழக்கம். அந்த வட்டாரத்தில் இடது கையால் சோறு பிசைகிறவர்கள் ஐந்தாறு பேர் உண்டு. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இப்பேர்ப்பட்டவன் ஒரு கறுப்புக் கார் வாங்கினான். கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்ட அன்றே, எதிர்க் குவாரி முதலாளி தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அதன் சக்கரங்களுக்குள்ளே பிரேக் காலிப்பர் நான்கும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தன. சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புதான் காலிப்பர். காளியண்ணன் காரில் அது வெறும் சாம்பல் நிறம். "உள்ள துருப்பிடிச்ச மாதிரி இருக்குதே" என்று சிரித்தான் எதிராளி. போதாதா?

மறுநாள் காலையில் இரண்டு பேரைக் குவாரிக்கு இழுத்துவந்தார்கள். ஒருவர் நாமக்கல்லில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் அர்த்தனாரி. இன்னொருவர் கார் அலங்காரச் சாமான் விற்கும் ரஜப் அலி. இருவரும் தொழிலை விட்டு மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"சாயங்காலத்துக்குள்ள செவப்பாகோணும். என்ன வழி?" என்றான் காளியண்ணன்.

அர்த்தனாரிதான் வாயைத் திறந்தார். "மூணு வழி இருக்குதுங்க. சூடு தாங்கற பெயின்டைப் பிரஷ்ஷுல அடிக்கலாம், காய ரெண்டு நாள் வேணும். கழட்டிப் பவுடர் பூசி அடுப்புல சுட்டெடுத்தா இன்னும் கெட்டி. ஆனா உள்ள இருக்கற ரப்பரெல்லாம் மாத்தோணும், நாலு நாளாயிருமுங்க. இல்லீன்னா பாய் கடையில பிளாஸ்டிக் மூடி இருக்குது. பசை வெச்சு ஒட்டுனா கால் மணி நேரம். அது மட்டும் வேண்டாமுங்க. மலை எறங்கறப்போ பிரேக் கொதிக்கும். மூடி உருகிக் கழண்டு ஆயில் குழாயை அறுத்துப்போடும்."

"எனக்கே வேண்டாங்கறயா?"

கருங்கல் வந்தது. சுத்தியல் வந்தது. அர்த்தனாரியின் வலது கையில் மூன்று விரல்கள் எலும்பு வெளியே வர நசுங்கின. பிரஷ் பிடித்துச் சோறு தின்ற கை அது.

ரஜப் அலி அந்த ரத்தத்தைப் பார்த்தார். கடையிலிருந்து சிவப்பு மூடி நான்கை வரவழைத்து ஒட்டினார். காளியண்ணன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து குனிந்து பார்த்துப் பூரித்துப் போனான். கிளம்பும்போது ரஜப் அலி டிரைவர் நல்லுசாமியை ஓரமாக அழைத்தார்.

"ஏறும்போது பயமில்ல தம்பி. இறங்கும்போது பிளாஸ்டிக் தீயுற வாடை வந்தா உடனே நிறுத்திரு. கையால இழுத்தாலே மூடி வந்துரும்."

மலைமேல் காளியண்ணனுக்குப் பங்களா. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவனைத் தினமும் ஏற்றி இறக்குகிறவன் நல்லுசாமி. அவனுக்கு இடது காது கேட்காது. காளியண்ணன் விட்ட அறை அப்படி.

அடுத்த நாள் காலை பாதி மலை இறங்கியதும் வாடை வந்தது. நல்லுசாமி, கீழ்ச் சாலை தெரிகிற ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டினான். சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. "வயித்தக் கலக்குதுங்க, இதோ வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டான். காளியண்ணன் எவனுக்காகவும் காத்திருந்ததில்லை. இரண்டு முறை ஹாரன் அடித்தான், நல்லுசாமியின் தாயை இழுத்து ஏசினான், தானே ஸ்டியரிங்கைப் பிடித்துக் கிளம்பினான்.

மூன்று வளைவு தாண்டவில்லை. கார் பிரேக் பிடிக்காமல் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழ்ச் சாலையில் தலைகுப்புற விழுந்தது. ஸ்டியரிங் அவன் மார்புக்குள் புதைந்திருந்தது. அவனுக்காக அழ ஆளில்லை. ஆனால் கார் விழுந்த இடத்தில் அன்னாசிப்பழம் விற்கிற வெள்ளாயி உட்கார்ந்திருந்தாள். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் தினமும் அந்த இடத்தில் அவளிடம்தான் பழம் தின்பார்கள். அவள் முகம் எது என்று அடையாளம் சொல்ல முடியாதபடி கிடந்தாள்.

அவள் புருஷன் சடையன் மனைவியைப் புதைத்த மண் கையோடு அரிவாளை எடுத்தான். கருப்பனார் கோயில் முன்னால் அர்த்தனாரி, ரஜப் அலி, நல்லுசாமி மூவரையும் நிறுத்திச் சூடம் கொளுத்தினான். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துவிட்டுப் பொய் சொன்னால் வம்சம் விளங்காது என்பது அங்கே எல்லோரும் அஞ்சுகிற விஷயம்.

அர்த்தனாரி இடது கையால் அணைத்தார். "வேண்டாமுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் பேசல."

ரஜப் அலி, "எங்க வழக்கம் வேற. அல்லா மேல ஆணை" என்றார். "ஆபத்துன்னு தெரிஞ்சேதான் ஒட்டினேன். கை போயிருமேன்னு பயம். டிரைவர்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனேன்."

நல்லுசாமி அணைத்தான். "அவன் சாகட்டுமுன்னுதான் எறங்குனனுங்க. ஆனா ஓட்டுனது அவன். நான் யாரையும் கொல்லலீங்க."

சடையன் அரிவாளை ஓங்கிவிட்டான். சொன்னதற்கு விரலை இழந்தவர் ஒருவர், பயந்துகொண்டு ஒட்டியவர் ஒருவர், பாதி வழியில் இறங்கிப் போனவன் ஒருவன். வெள்ளாயியின் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் இவர்களில் யார்? யோசித்துவிட்டு மேலே கேளுங்கள்.

விடை: நல்லுசாமி. அர்த்தனாரி மூன்று விரல் கொடுத்து எச்சரித்தார், அதற்கு மேல் அவரிடம் கேட்க யாருக்கு வாய் இருக்கிறது? ரஜப் அலி சுத்தியலுக்கு எதிரே நின்று ஒட்டினார், அப்போதும் தப்பிக்கிற வழியைச் சொல்லிவிட்டுத்தான் போனார். நல்லுசாமி நின்ற வளைவில் சுத்தியல் இல்லை. மூடியை இழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். காளியண்ணன் காத்திருக்க மாட்டான் என்று தெரிந்தவனும் அவன்தான், கீழே வெள்ளாயி உட்கார்ந்திருப்பாள் என்று அந்த மூவரில் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். சடையனுக்கும் இது புரிந்துவிட்டது. ஓங்கிய கையோடு ஒன்றே ஒன்று கேட்டான். "பொதருல நின்னு கீழ பாத்தியா?" சூடம் அணைத்த கை, பொய் வரவில்லை. "பாத்தேன்" என்றான் நல்லுசாமி. "வெள்ளாயி என்னைப் பாத்துக் கை ஆட்டுச்சு."

அரிவாள் இறங்கியது.