தாளாளரின் பித்தளைத் தகடு

காற்று கூடிக்கொண்டே இருந்தது. பள்ளி மைதானத்தில் பெரிய பலூன் கயிற்றை இழுத்துத் துடித்தது. பறக்கவிட அனுமதித்த நேரமோ முடியவிருந்தது. அப்போதுதான் தாளாளர் தங்கப்பழம், தன் பெயரும் போன் நம்பரும் பொறித்த பித்தளைத் தகட்டோடு வந்தார். வானத்துக் குளிரை அளக்க மாணவிகளே செய்து பலூனில் கட்டியிருந்த குட்டிச் செயற்கைக்கோள் பெட்டியில் அதை மாட்டியாக வேண்டுமாம்.

"எடை தாங்காதுங்க ஐயா," என்றாள் ஒன்பதாம் வகுப்பு இசக்கியம்மாள்.

"வேற எதையாவது கழற்று. இல்லேன்னா பலூனைக் கிளம்ப விடமாட்டேன்."

"எதைன்னு நீங்களே சொல்லுங்க ஐயா."

மேடைதோறும் பொன்னாடை வாங்கிப் பழகியவர், பெட்டிமேல் மடித்திருந்த சிவப்புத் துணியைக் காட்டினார். "இதுக்கு எதுக்குப் பொன்னாடை? அதை எடு."

இசக்கி துணியை அவிழ்த்துத் தகட்டை மாட்டினாள்.

"அது பாராசூட்டுங்க ஐயா. இனி பலூன் வெடிச்சதும் பெட்டி கல்லு மாதிரி விழும். யார் கூரை உடைஞ்சாலும் எங்களைத் தேட மாட்டாங்க. உங்க பேரும் நம்பரும் தெளிவா இருக்கு."

வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டம் சிரித்தது. தங்கப்பழம் தகட்டைத் தானே பிடுங்கிக்கொண்டார். பாராசூட்டைக் கட்டியதும் பலூன் கிளம்பியது.

அண்ணாந்து பார்க்காமலே அவர் பயத்தோடு மெல்லக் கேட்டார்: "பள்ளிக்கூடத்துப் பேரு எதுலயும் எழுதலியே?"