தாழியின் முதல் பிடி

பக்தி கூடிப்போய் மூளை கொஞ்சம் குறைந்துபோன ஊர் ஒன்று அந்தக் காலத்துக் கிரேக்க தேசத்தில் இருந்தது. பிளாக்கியா என்று பெயர். அந்த ஊர்க்காரன் பியோன். அறுப்பு முடிகிறவரை அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடந்தவன், பாவம். அன்றைக்குத்தான் வாற்கோதுமையைத் தூற்றி, மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்திருந்த ஊர்த் தாழியில் கொட்டி முடித்திருந்தார்கள். வீட்டில் அவன் பெண்டாட்டி மிர்த்தோ உலை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

எலூசிஸ் கோயில் பூசாரி முன்பே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "தாழியில் எடுக்கிற முதல் பிடி பயிர்த்தாய் டிமீட்டருக்கு. அதைக் கொடுக்காமல் யாரும் வாயில் போடக்கூடாது."

பியோன் பயபக்தியோடு ஒரு பிடி அள்ளி, கோயிலுக்குப் போகக் காத்து நின்ற வண்டியில் போட்டான். அப்புறம் தனக்கு அள்ளக் குனிந்தான்.

"நில்லுடா!" என்றார் ஊர்ப் பெரியவர் ஃபோர்மியோன். "இப்ப தாழியில இருக்கே, இதுல முதல் பிடி எடுத்தாச்சா?"

"அதான் எடுத்தேனே, பெரியவரே."

"அது நிறைஞ்ச தாழிக்கு எடுத்தது. இது ஒரு பிடி குறைஞ்ச தாழி. இதுக்கு யார் எடுத்தா?"

ஊரே தாடியைத் தடவித் தடவி யோசித்தது. பெரியவர் பேச்சில் ஒரு குறையும் அகப்படவில்லை. அம்மன் கோபித்துக்கொண்டால் அடுத்த வருஷம் என்ன முளைக்கும்? பியோன் இன்னொரு பிடியை வண்டியில் போட்டான். மறுபடியும் அதே கேள்வி.

"ஏங்க, உலை கொதிக்குது!" என்று மிர்த்தோ கத்தினாள்.

"இரு புள்ள, இந்த ஒரு முதல் பிடிதான்!"

சாயங்காலத்துக்குள் வண்டி நிறைந்துவிட்டது. பியோன் தாழிக்குள் இறங்கித் துழாவினான். அடியில் ஒரே ஒரு பிடி. பசியில் கண் இருண்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று வாயில் போட்டுக்கொண்டான். வெறும் தாழி இல்லையா, அவன் மென்ற சத்தம் ஊர் எல்லைவரை கேட்டது.

"அடப்பாவி! அம்மன் பங்கு எங்கடா?"

"வயித்துல, பெரியவரே."

பெரிய விவாதம் நடந்தது. "கக்கச் சொல்லலாமா?" என்றான் ஒருவன்.

"எச்சிலையா கொடுக்கிறது? நாக்கு அழுகிடும்!" என்றான் இன்னொருவன்.

ஃபோர்மியோன் கையை உயர்த்தினார். "தானியத்தைச் சாக்கோட கொடுக்கிறோம்ல? இதைப் பியோனோட கொடுத்திடலாம்."

மிர்த்தோ உலையை இறக்கி வைத்துவிட்டு ஒப்பாரி வைத்தாள். யார் கேட்டார்கள்? வண்டி எலூசிஸ் போய்ச் சேர்ந்தது. கோயில் தானியக் குழிக்குள் வாற்கோதுமையையும் பியோனையும் ஒன்றாகச் சாய்த்துவிட்டு, மனநிறைவோடு திரும்பினார்கள்.

பியோன் கண்ணைத் திறந்தான். கழுத்தளவு தானியம்! தடுக்க ஃபோர்மியோனும் இல்லை. அழுகையும் சிரிப்புமாக ஒரு பிடி அள்ளி வாய்வரை கொண்டுபோனவன், திடுக்கிட்டு நிறுத்தினான்.

அந்தப் பிடியோடு அவன் கை குழிக்கு வெளியே நீண்டது.

"பூசாரி சாமி, ஓடி வாங்க! இந்தாங்க, முதல் பிடி!"