சோணைமுத்துவின் வயிறு

டாக்டர் தணிகாசலம் ஐம்பத்திரண்டு வயதில் அறுவை சிகிச்சையை மறுபடி கற்க மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியையான அறுவை மருத்துவர் மங்களேஸ்வரி அவரைவிடப் பத்து வயது இளையவர். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

தணிகாசலத்தின் கத்தி வேகமானது. தையலோ அதைவிடப் பெயர் பெற்றது. ஆயினும், அவரிடம் குடல்வால் அறுவை செய்துகொண்ட மூவர் அவ்வாண்டு தழும்பருகே வயிறு பிதுங்கித் திரும்பி வந்திருந்தனர்.

"என் தையலில் என்ன குறை, அம்மா?" என்று முதல் நாளே கேட்டார்.

"இன்று ஒருவருக்குக் குடல்வால் எடுக்கிறேன். கூட நில்லுங்கள்."

அந்த ஒருவர் சோணைமுத்து, வெங்காய மண்டியில் சுமை தூக்குபவர்.

"அம்மா, மூட்டை தூக்க முடியாமப் போயிரும்னா இப்பவே சொல்லிருங்க. வலியோட வீட்டுக்குப் போறேன். எனக்கு வேற தொழில் தெரியாது."

"தூக்குமுன் என்ன செய்வீர்கள்?"

"துண்ட இடுப்புல இறுக்கிக் கட்டுவேன்."

மங்களேஸ்வரி தணிகாசலத்திடம் திரும்பினார். "கால்சட்டைப் பையில் கையை விடுங்கள். விரல்கள் எங்கே நோக்குகின்றன?"

"கீழே, உள்பக்கமாக."

"வயிற்றின் வெளித்தசை அப்படி ஓடுகிறது. நடுத்தசை?"

"அதற்கு எதிர்ச்சாய்வில்."

"மூன்றாவது?"

தணிகாசலத்தின் பார்வை சோணைமுத்துவின் துண்டில் நின்றது. "குறுக்காக. இடுப்பைச் சுற்றி."

"மூன்றையும் எப்படித் திறப்பீர்கள்?"

"ஒரே வெட்டில்." அதில் சற்றுப் பெருமிதம் இருந்தது.

"கையை வெளியே எடுத்துக்கொள்ளலாம்" என்றார் மங்களேஸ்வரி.

"டாக்டரய்யா பாடம் ஒப்பிக்கிறாரா? இந்த வயசுலயா?" என்றார் சோணைமுத்து.

"ஆமாம்" என்றார் தணிகாசலம்.

தோலைக் கத்தி திறந்தது. அடுத்திருந்த, வெளித்தசையின் வெண்ணிற மேலுறையை அதன் இழை வழியே கீறியதும் மங்களேஸ்வரி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மழுங்கிய கத்தரிக்கோலை மூடியபடி நடுத்தசையின் இழைகளுக்கிடையே நுழைத்து விரித்தார். பிறகு இரண்டு விரல்கள். இழைகள் விலகி நின்றன. உள்தசையையும் அதன் போக்கிலேயே விலக்கினார். ஓர் இழையும் அறுபடவில்லை.

குடல்வால் வெளியே வந்தது. உள்சவ்வைத் தைத்தபின், தசைகளைப் பிடித்திருந்த கொக்கிகளை எடுத்தார்.

உள்தசை குறுக்காக மூடிக்கொண்டது. அதன்மேல் நடுத்தசை சாய்வாக மூடிக்கொண்டது. வழி இருந்த இடமே தெரியவில்லை.

நூல் கோத்த ஊசியுடன் தணிகாசலத்தின் கை அந்தரத்தில் நின்றது. "தசைக்கு?"

"வேண்டாம். மேலுறையும் தோலும் உங்கள் பங்கு. அழகாகப் போடுங்கள்."

மூன்றாம் நாள் சோணைமுத்து முறையிட்டார். "பக்கத்துக் கட்டில்காரன் பேசுனா சிரிப்பு வருது. சிரிச்சா வலிக்குது. அவன மாத்துங்க, இல்ல என்ன மாத்துங்க."

"சிரியுங்கள். அதுவும் அந்தத் தசைகளின் வேலைதான்" என்றார் மங்களேஸ்வரி. "மூட்டைக்கு மட்டும் மூன்று மாதம் பொறுங்கள்."

மூன்று மாதம் முடிந்த மறுநாள், முழு வெங்காய மூட்டையை முதுகில் சுமந்து சோணைமுத்து மருத்துவமனைப் படியேறி வந்தார். அதை மங்களேஸ்வரியின் மேசையருகே இறக்கினார்.

"உங்களுக்குத்தாம்மா. பழைய சரக்கு இல்ல."

தணிகாசலம் அவருடைய தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். "கையைத் தூக்குங்கள்."

உள்ளங்கைக்கு அடியில் வயிறு இறுகியது. அதன் பின்னரே கை எழுந்தது.

"மறுபடியும்."

மறுபடியும் வயிறே முந்தியது.

"இன்னும் ஒருமுறை."

"ஐயா, மூட்டையே தேவல" என்றார் சோணைமுத்து.

தணிகாசலம் கையை எடுக்கவில்லை. "இவர் துண்டு கட்டுவதற்கு முன்பே இந்தக் குறுக்குத்தசை கட்டிவிடுகிறது" என்றார் மெதுவாக.

மங்களேஸ்வரி ஒரு வெங்காயத்தை எடுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, முதல் நாள் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. என் தையலில் என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை" என்றார் மங்களேஸ்வரி. "தசையை வெட்டி அதற்கு வேலை வைத்தீர்கள்."