பூனை ஏன் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டுகிறது

அந்தக் காலத்தில், பிராணிகளுக்கெல்லாம் வாய்ப்பேச்சு இருந்தபோது, நாடாளுகிறவர்கள் ஆளுக்கொரு செல்லப்பிராணி வைத்திருந்தார்கள். ஊர் மிரளட்டும் என்று ஒருவர் சிறுத்தை வளர்த்தார். அழகுக்காக இன்னொருவர் மயில் வளர்த்தார். வெண்மணல் நாட்டு அரசர் நெடுங்கோ வளர்த்தது ஒரு பூனை. அதன் பெயர் வெள்ளச்சி. ஆசைப்பட்டு வளர்க்கவில்லை; பயந்து வளர்த்தார். யாராவது சோற்றில் விஷம் வைத்துவிடுவார்களோ என்று அவருக்கு எந்நேரமும் நடுக்கம்.

அதனால் அரண்மனையில் ஒரு வழக்கம். சாப்பாடு முதலில் வெள்ளச்சிக்குப் போகும். "நல்லது" என்று அது சொன்னால்தான் அரசர் கை நனைப்பார். "கெட்டது" என்றால் சமைத்தவளுக்குத் தலை போகும். விசாரணையெல்லாம் கிடையாது. என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்க மாட்டார். அரசராயிற்றே!

சமையல்காரி பெயர் பூங்காவனம். வெள்ளச்சி கண் திறக்காத குட்டியாக இருந்தபோது, பஞ்சைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தவள் அவள்தான்.

ஒரு நாள் மதியம் மீன்குழம்பு வந்தது. வெள்ளச்சி ஓடிவந்து மூக்கை நீட்டியது. சட்டென்று பின்வாங்கியது. களிம்பு வாடை! ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு கிடந்தால் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். தின்றால் ஆளையே சாய்த்துவிடும்.

வெள்ளச்சி நிமிர்ந்து பார்த்தது. ஒன்றும் அறியாமல் வாசலில் நின்றாள் பூங்காவனம்.

"என்னடி முழிக்கிறே? உனக்குப் பிடிச்ச வஞ்சிரம். தின்னேன்!"

'நல்லது' என்றால் அரசர் சாவார். 'கெட்டது' என்றால் இவள் சாவாள்.

பூனைக்குத் தெரிந்தது ஒரே வழி: மண்ணைத் தள்ளி மூடிவிடுவது. முன்னங்காலை நீட்டித் தரையைப் பிறாண்டியது. தரையோ கருங்கல். ஒரு துளி மண் வரவில்லை. ஆனாலும் விடவில்லை. தட்டைச் சுற்றிச் சுற்றிப் பிறாண்டியது.

"என்ன கூத்து இது? பசி உயிர் போகிறது. நல்லதா, கெட்டதா? வாயைத் திற!" என்று அதட்டினார் அரசர்.

அது திறக்கவில்லை. நகத்தில் ரத்தம் கசிந்தது.

அதைப் பார்த்ததும் பூங்காவனத்துக்குச் சுருக்கென்றது. ஓடிவந்து குழம்பை மோந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"ராசா, தொடாதீங்க! ஈயம் பூசறவர் வரலைன்னு வெறும் பித்தளையிலேயே ஊத்தி வெச்சுட்டேன். களிம்பேறிப் போச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். தலையை எடுக்கறதா இருந்தா எடுத்துக்குங்க."

அரசர் தட்டைப் பார்த்தார். பூனையின் காலைப் பார்த்தார்.

"இத்தனை காலமும் விஷம் வைக்கிறவனையே தேடிக்கொண்டிருந்தேன். பாத்திரத்தை யாரும் பார்க்கவில்லையே! போ, முதலில் ஈயம் பூசச் சொல்" என்றவர், பூனையிடம் திரும்பினார். "நீ ஏன் சொல்லவில்லை?"

"நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு தலை போய்விடும், அரசே. அப்படிப்பட்ட பேச்சு எனக்கு வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

வாலைத் தூக்கிக்கொண்டு பூங்காவனத்தின் பின்னால் போய்விட்டது.

அன்றைக்கு விட்ட பேச்சைப் பூனைக்குலம் இன்றுவரை திரும்ப எடுக்கவில்லை. வாடை பிடிக்காவிட்டால் தட்டைச் சுற்றி வெறுந்தரையைப் பிறாண்டும். எத்தனை அதட்டினாலும், சமைத்தவளை மட்டும் காட்டிக்கொடுக்காது.