கண்ணாடி அலமாரியில் ஒரு கறவைப் படம்

எங்கோ வெளிநாட்டில், படங்களை டிஸ்க்கில் பதித்துப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஒருநாள் அங்கே பெயர் அச்சடிக்கிற இடத்தில் இரண்டு தட்டுகள் மாறிப்போயின. மாடு கறக்கிற மிஷினை எப்படிக் கழற்றிக் கழுவி மாட்டுவது என்று சொல்லித்தருகிற பழைய பயிற்சிப் படம் ஒன்றின் முகத்தில், போர்ச்சுகல் நாட்டு மேதை ஒருவரின் புகழ்பெற்ற படத்தின் பெயர் விழுந்துவிட்டது.

அந்த டிஸ்க் கடல் கடந்து, கோயமுத்தூர் வடவள்ளியில் தனபாலன் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

தனபாலன் மில்லுகளுக்கு உதிரிப்பாகம் விற்றுச் சம்பாதித்தவர். சம்பாதித்ததில் பெரும்பகுதி அந்த அலமாரிக்குள் இருந்தது. உலகத்தின் உயர்ந்த படங்கள் அத்தனையும் அவரிடம் உண்டு. பல படங்களுக்கு மேலே சுற்றி வந்த தாள்கூட இன்னும் கிழியவில்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்பார்.

வந்த அன்று டிஸ்க்குக்கு ஒரே நடுக்கம். பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி, அலமாரிக்கே தான்தான் சொந்தக்காரன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"எந்த ஊர் நீ?" என்று கேட்டது பெட்டி.

"போர்ச்சுகல் என்று எழுதியிருக்கிறது. ஆனால் உள்ளே வேறு. மாடு கறக்கிற மிஷினை..."

"எழுதியிருக்கிறதல்லவா, போதும். உள்ளே இருப்பதை இங்கே யாரும் விசாரிப்பதில்லை. எனக்குள் நாலு படம் இருக்கிறதாம். நானே பார்த்ததில்லை."

டிஸ்க்குக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தனபாலன் வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள். பேராசிரியர் அருணகிரியும் பல் டாக்டர் நெல்சனும் தவறாமல் வருவார்கள். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நடுவில் வைத்து, அதைப் பற்றி இரண்டு மூன்று மணி நேரம் பேசுவார்கள். படத்தைப் பற்றிப் படித்தவையே அவ்வளவு இருந்ததால் படம் பார்க்க நேரம் இருக்காது. அந்த ஞாயிறு என்ன தோன்றியதோ, ஒரு மாறுதலுக்குப் பார்க்கவே பார்த்துவிடலாம் என்றார் பேராசிரியர். தனபாலன் மனசே இல்லாமல் போர்ச்சுகல் படத்தின் தாளைக் கிழித்தார்.

அவருடைய தங்கை வசந்தாமணி அன்றைக்குக் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு இரண்டு கறவை மாடுகள். மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து கையால் கறக்க முடியாமல், யாரோ வேண்டாமென்று கொடுத்த மிஷினை வாங்கிப் போட்டிருந்தாள். அதைக் கழுவும் முறையை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மாட்டுக்கு மடிநோய் கண்டுவிட்டது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அவளும் படம் பார்த்தாள்.

திரையில் உறை போட்ட இரண்டு கைகள் வந்தன. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றின, தேய்த்தன, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தன. புரியாத மொழியில் ஒரு குரல் மட்டும் பேசியது. இதோ அகப்பட்டுக்கொண்டோம், தூக்கி வீசப்போகிறார்கள் என்று டிஸ்க் சுற்றச் சுற்றப் பதறியது.

யாரும் எழவில்லை. படம் முழுக்க முகத்தையே காட்டாமல் கையை மட்டும் காட்டுகிறானே, உழைப்புக்கு முகம் இல்லை என்கிறான் என்றார் பேராசிரியர். பாலைப் பற்றிய படத்தில் ஒரு சொட்டுப் பால்கூட இல்லை என்பதைப் பல் டாக்டர் கண்டுபிடித்தார். பெட்டியில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்த படம் முக்கால் மணியில் முடிந்துவிட்டது. மீதியை நம்மிடம் விட்டுவிட்டான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். தனபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது கறவை மிஷின் கழுவுற படமுங்ணா," என்றாள் வசந்தாமணி.

பேராசிரியர் கனிவாகச் சிரித்தார். "மேலோட்டமாப் பார்த்தா அப்படித்தாம்மா தெரியும்."

அன்று அலமாரிக்குத் திரும்பிய டிஸ்க் வேறு டிஸ்க்காக இருந்தது. படித்தவர்கள் மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தது. நினைக்க நினைக்க அது நிச்சயமாகிவிட்டது.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்புமுன் வசந்தாமணி அண்ணனிடம் கேட்டாள். ரப்பரைக் கழற்றி மாட்டுகிற இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், ஏதோ தப்பாகச் செய்கிறேன், மாடு அதனால்தான் அவதிப்படுகிறது என்றாள். கீறல் விழுமே என்று யோசித்துவிட்டு, தனபாலன் தாமே டிஸ்க்கை எடுத்துப் பிளேயரில் வைத்தார்.

பிளேயர் மெதுவாகச் சொன்னது: "ஓடு. உன்னைத் தேடி ஒருத்தி வந்திருக்கிறாள்."

"அவள் என்னைக் கழுவுகிற படம் என்கிறாள்."

"நீ அதுதானே?"

"பேராசிரியர் சொன்னது உன் காதில் விழவில்லையா?" என்றது டிஸ்க்.

ரப்பரைக் கழற்றுகிற இடம் வந்ததும் அது தன்னை இறுக்கிக்கொண்டது. திரை கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றது. தனபாலன் பதறி எடுத்து, ஊதித் துடைத்து மறுபடி போட்டார். அதே இடத்தில் மறுபடி நின்றது.

"ஊருக்குக் கொண்டுபோயிப் போட்டுப் பார்த்துட்டுத் தரட்டுங்களாண்ணா?"

"அம்மிணி, இதெல்லாம் மாடு வச்சிருக்கறவங்க பார்க்கிற படமில்ல," என்றார் தனபாலன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

சில வாரங்களில் தொழிற்சாலையே உண்மையை அறிவித்தது. படம் மாறிவிட்டது, திருப்பி அனுப்பினால் சரியானதைத் தருகிறோம் என்றது. தனபாலன் அதை ஞாயிற்றுக் கூட்டத்தில் படித்துக் காட்டினார். பிறகு பல் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் திருப்பி அனுப்பிவிட்டால், இந்த டிஸ்க் உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது. தனபாலன் முகம் மலர்ந்தது. டிஸ்க்குக்குத் தனியாக ஒரு கண்ணாடிக் கூடு செய்யச் சொன்னார். நாம் பார்த்தது தவறான படமல்ல, தவறே ஒரு படமாகியிருக்கிறது என்று பேராசிரியர் கட்டுரை எழுதினார்.

அந்தக் கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் வசந்தாமணியின் போன் வந்தது. நோய் கண்ட மாட்டுக்கு இரண்டு காம்பு வற்றிப்போய், வேறு வழியில்லாமல் சந்தைக்கு ஓட்டிவிட்டாளாம். தனபாலன் அடடா என்றார். துடைக்கிற கை நிற்கவில்லை.

அவர் போன பிறகு இரும்புப் பெட்டி கேட்டது: "அந்த அம்மா உன்னிடம் என்னதான் தேடினாள்?"

டிஸ்க் தன் கூட்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பயன் தேடினாள்," என்றது.

அலமாரி முழுக்கக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.